கயிறும் வாளியும் எப்போது கண்டம்?

கப்பலோட்டியவர் பிறந்த ஊரை வைத்துக்கொண்டு குப்பை வண்டியைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிப்போர் இருப்பர். சுளிக்கட்டும். ஓட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த வ. உ. சிதம்பரனார், கவிஞர்கள் பாடுவதற்காகக் கப்பல் வாங்கவில்லை. கணக்குப் பார்த்து வாங்கினார். அந்தக் கணக்கின் முதல் வரியை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டு குப்பை வண்டிக்கு வருவோம்.

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடக்கத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய்க் கம்பெனியொன்றிடம் வாடகைக்குப் பிடித்த கப்பல்தான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிற்று. வெள்ளையர் கப்பல் கம்பெனி கண்ணை உருட்டியது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் 1907-இல் ‘காலியா’வும் ‘லாவோ’வும் வந்தன. அடக்குமுறை அவரைச் சிறையில் தள்ளிற்று. கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. அது வேறு கதை, பெருங்கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஊரார் பணத்தில் ஓடும் கலம் எவருடையது, அது நின்றால் இடர்ப்படுவோர் எவர் என்ற கேள்வி, இந்த மண்ணுக்குப் புதிதன்று.

இப்போது வாருங்கள், ஏதாவதொரு நகராட்சி அலுவலகத்தின் பின்புறத்திற்கு. எந்த ஊரானாலும் காட்சி ஒன்றே. சக்கரம் இழந்த ஜீப்பு ஒன்று; தகரம் தின்னப்பட்ட தண்ணீர் லாரி ஒன்று; முள்செடிகளுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் உருளை ஒன்று. ‘கண்டம்’ செய்யப்பட்டவை என்பார் எழுத்தர். ஏலத்துக்குக் காத்திருக்கின்றனவாம். முன்புறம் வந்தால் ஓடும் வண்டிகள் நிற்கின்றன. அவற்றுக்கு ஆண்டுக்கொரு நாள் ஆயுத பூசை! சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். அன்றைக்காவது வண்டியைக் கழுவுகிறார்களே, அது மட்டில் நல்லதுதான். ஆனால் எலுமிச்சம்பழத்துக்குத் தவறாமல் காசு ஒதுக்கிய கை, எண்ணெய் மாற்றவும் பிரேக்கு பார்க்கவும் தவறாமல் ஒதுக்கிற்றா? பிரேக்கு தேய்ந்த சக்கரத்தின் கீழ் நசுங்கப்போவது பழம் மட்டுந்தானா?

எலுமிச்சம்பழத்தைக் கண்டு சிரிப்பது எளிது. சிரித்துவிட்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. பழமை என்றாலே தள்ளு, புதுமை என்றாலே கொள்ளு என்று ஆடுவது பகுத்தறிவாகாது, தோழர்களே! பழைய வழக்கத்தை நாம் எதிர்ப்பது அதன் வயதுக்காகவா? அதனால் ஒருவன் தாழ்த்தப்படுகிறான், ஒருத்தி ஒடுக்கப்படுகிறாள் என்பதற்காகவன்றோ? அதே உரைகல்லை வண்டிக்கும் வைப்போம். எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது இரண்டாவது கேள்வி. அது ஓடுவதால் யாருக்கு நன்மை, ஓடாததால் யாருக்குத் தீமை என்பதே முதற்கேள்வி.

சட்டம் இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிற்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் மோட்டார் வாகன விதியொன்று, அரசுகள், மாநகராட்சிகள், நகராட்சிகள், ஊராட்சிகள், போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டோடு முடிந்துவிடும் என்கிறது. நாட்டுக் காவலுக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உரிய சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. மற்றவை உடைப்பு நிலையத்துக்குப் போயாக வேண்டும்.

இதை முற்றும் பழிக்க மாட்டோம். ‘இன்னும் ஓராண்டு ஓட்டலாம், இன்னும் ஓராண்டு’ என்று முப்பதாண்டு ஓட்டும் நிர்வாகத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டியதுதான். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் புதிய வண்டிகள் பாரத் நிலை 6 என்னும் கடுமையான புகை வரம்புக்கு உட்பட்டவை. பழைய லாரியின் கரும்புகை போகுமிடம் எது? ஆணையரின் மூக்கன்று. லாரியின் பின்புறம் தொற்றிக்கொண்டு நாள் முழுதும் செல்லும் துப்புரவுத் தொழிலாளியின் நுரையீரல்!

எனினும் 15 என்பது ஓர் எண். பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பவனுக்கும் காலண்டரில் ஆண்டு பார்த்து வண்டியைத் தள்ளுபவனுக்கும் பெரிய வேற்றுமை இல்லை; இருவரும் வண்டியைப் பார்ப்பதில்லை. உப்பளங்களுக்கு நடுவே ஓடும் தூத்துக்குடி லாரியும், உள்நாட்டுக் கரிசலில் ஓடும் லாரியும் ஒரே நாளில் வாங்கப்பட்டிருக்கலாம். கடற்காற்றின் உப்பு முன்னதன் அடிச்சட்டத்தை அரித்துவிடும். பின்னது இன்னும் உறுதியாக நிற்கும். நாளும் குப்பை சுமக்கும் லாரிக்கு எட்டாண்டே முதுமை. நாள் முழுதும் நிலையத்தில் நின்று, மணி ஒலித்தால் மட்டும் பாயும் தீயணைப்பு வண்டி பதினைந்தாண்டில் ஓடிய தொலைவு சொற்பமாகவே இருக்கும். அப்படியானால் அதை இன்னும் வைத்துக்கொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். ஜீப்பு வழியில் நின்றால் அதிகாரி ஒருவர் அரைமணி பிந்துவார். தீயணைப்பு வண்டி நின்றால் குடிசை வரிசை சாம்பலாகும். ஆகவே குறைவாக ஓடியது என்பதும் போதாது. ஓட வேண்டிய அந்த ஒரு நாளில் ஓடுமா என்பதே அதற்குரிய கேள்வி.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் இந்த மாவட்டம் அதைக் கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியின் தாழ்வான தெருக்களில் வெள்ளம் நாள்கணக்கில் நின்றது. ஆண்டில் முந்நூற்றைம்பது நாள் மூலையில் கிடக்கும் நீரிறைக்கும் பம்பு, ‘உபயோகமின்றிக் கிடக்கிறது’ என்று தணிக்கையாளரிடம் குறிப்பு வாங்குவது வழக்கம். மார்பளவு நீரில் நின்றவரிடம் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்ட எவருக்குத் துணிவு வரும்?

சரி, நாளும் ஓடும் வண்டிக்காவது கணக்கு உண்டா? உண்டு, பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. எடுத்துக்காட்டுக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். லாரி விலை 24 லட்சம். பழுதுபார்ப்புச் செலவு முதலாண்டு 75 ஆயிரம். ஒவ்வோர் ஆண்டும் மேலும் 75 ஆயிரம் கூடுகிறது. நான்காண்டில் மாற்றினால் மொத்தச் செலவு 31.5 லட்சம், ஆண்டுக்கு ஏறத்தாழ 7.9 லட்சம். எட்டாண்டில் மாற்றினால் 51 லட்சம், ஆண்டுக்கு 6.4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பதினைந்தாண்டு இழுத்தால் 114 லட்சம், ஆண்டுக்கு 7.6 லட்சம். விரைந்து மாற்றினாலும் இழப்பு, இழுத்தடித்தாலும் இழப்பு. நடுவே ஓர் ஆண்டு இருக்கிறது; அதைக் காட்டுவது சோதிடக் கட்டமன்று, வண்டியின் பயணப் பதிவேடும் பழுதுச் செலவுப் பதிவேடுந்தான்.

இவ்வளவு எளிய கணக்கை ஏன் போடுவதில்லை? அறியாமையால் அன்று. புதிய வண்டி வாங்கத் தீர்மானம் வேண்டும், ஒப்பந்தப்புள்ளி வேண்டும், மேலிடத்து ஒப்புதல் வேண்டும். அதன் விலை ஒரே வரியில், பெரிய எழுத்தில், எல்லார் கண்ணிலும் படும். பழுதுச் செலவோ சிறுசிறு பில்லாக, ஐயாயிரம், எட்டாயிரம் என்று எறும்பு ஊர்வதுபோல் கருவூலத்திலிருந்து ஊர்ந்து போகும். எவர் கண்ணையும் உறுத்தாது. இன்னொரு புறம், தேவையில்லாத வண்டியைத் தேவைக்கு முன்பே வாங்கத் துடிக்கும் கைகளும் உண்டு. வாங்கினால்தானே கமிஷன்! ஏழையின் வீட்டு வரியில் வாங்கிய வண்டியை நான்காண்டில் தள்ளுவது, அவன் சட்டைப்பையில் கைவிடுவதற்கு ஒப்பாகும். சிக்கனம் பேசி இழுப்பவனும் சீர்திருத்தம் பேசிப் பறப்பவனும் பதிவேட்டைத் திறக்க அஞ்சுவதில் மட்டும் உடன்பிறப்புகள்.

சிற்றூர்களில் இந்தத் தீமை வேறு உருவில் வருகிறது. ஓட்டப்பிடாரம் போன்ற ஊராட்சிகள் நிறைந்த வட்டாரங்களில் குப்பை லாரி ஏது? தூய்மைக் காவலர் தள்ளும் மூன்று சக்கர வண்டி. திட்டத்தில் வந்த பேட்டரி வண்டி. கொடுக்கும் நாளில் கொடியசைப்பும் கைதட்டலும் உண்டு. பேட்டரியின் ஆயுள் சில ஆண்டுதான் என்பதும், அதன் பின் புதிது வாங்கப் பணம் வேண்டும் என்பதும் கொடுத்தவருக்கும் தெரியும், பெற்றவருக்கும் தெரியும். தேய்மானத்துக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்த ஊராட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேட்டரி செத்ததும் வண்டி நிற்கும், குப்பை நிற்காது. அதைத் தலையிலோ தோளிலோ சுமப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். அவருடைய முதுகுவலி எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை. ஆகவே பழைய வண்டி ‘செலவில்லாமல்’ ஓடுகிறது!

இங்கேதான் கணக்கு முடிந்து அறம் தொடங்குகிறது. வண்டியின் விலை மன்றத்தின் கணக்கில் விழுகிறது. வண்டியின்மையின் விலை தொழிலாளியின் உடம்பில் விழுகிறது. தீர்மானிப்பவர் ஒருவர், துன்புறுபவர் மற்றொருவர். இப்படிப் பிரித்து வைத்த இடத்தில் எந்தக் கணக்கும் நேர்மையாக இராது.

லண்டன் மாநகரில் ‘ரூட்மாஸ்டர்’ என்னும் சிவப்பு மாடிப் பேருந்துகள் 1956-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கின. உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் புதுப்பிக்கும்படி திட்டமிட்டுக் கட்டப்பட்டவை. அதனால் அரை நூற்றாண்டு ஓடின. 2005 டிசம்பரில்தான் வழக்கமான தடங்களிலிருந்து நீங்கின. எஞ்சின் ஓய்ந்துவிட்டது என்பது மட்டுமா காரணம்? சக்கர நாற்காலியில் வருபவர் அவற்றில் ஏற முடியாது என்பதும் பெருங்காரணம். மக்கள் விரும்பிய வண்டி, ஓடிக்கொண்டிருந்த வண்டி. ஆனாலும் சிலரை வாசலிலேயே நிறுத்திய வண்டி. வயதைக் கேட்டிருந்தால் முப்பதாண்டுக்கு முன்பே தள்ளியிருப்பார்கள். ஓட்டத்தை மட்டும் கேட்டிருந்தால் இன்றும் தள்ளியிருக்க மாட்டார்கள். யாரை விட்டுவிட்டுப் போகிறது என்று கேட்டபோதுதான் விடை கிடைத்தது.

அந்தக் கேள்வியை நம் ஊரில் கேட்போம். நகராட்சிகளின் மிகப் பழைய கருவி எது? பின்புறத்து ஜீப்பா? உருளையா? இல்லை. கயிறு, வாளி, அவற்றோடு குழிக்குள் இறங்கும் மனிதன்! வண்டிக்குப் பதினைந்தாண்டில் ஓய்வு தந்த நாடு, இந்தக் கருவிக்கு எத்தனை நூற்றாண்டாக ஓய்வு தரவில்லை! வண்டியை நிறுவனம் தேர்ந்தெடுத்து வாங்குகிறது. இந்த மனிதனைப் பிறப்பைப் பார்த்துச் சாதி தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

இந்தக் கடற்கரையில் முன்னாளில் முத்துக்குளிப்போர் கல்லின் மேல் காலூன்றி, கயிற்றைப் பற்றி, மூச்சடக்கி இறங்கினர். மேலே தோணியில் ஒருவன் கயிற்றின் அசைவிலேயே கண்ணாக இருந்தான். கடலடியில் சுறாவின் அச்சம் உண்டு. ஆனால் நீர் நஞ்சன்று. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குபவனுக்கோ மூச்சடக்கியும் பயனில்லை. அங்கே உறைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் முதலில் நாற்றம் அறியும் உணர்வையே கொன்றுவிடும். அபாயம் போய்விட்டது என்று எண்ணும் கணத்தில் மயக்கம் வரும். விழுந்தவனைத் தூக்க அடுத்தவன் இறங்குவான்; அவனும் விழுவான். 2020 ஜூலையில், இதே தூத்துக்குடி மாவட்டத்தில், கீழச்செக்காரக்குடியில் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்ய வந்த நால்வர் மாண்டது இப்படித்தான்.

சட்டம் இல்லையா? 1993-இல் ஒரு சட்டம். அது போதவில்லை என்று 2013-இல் இன்னொரு சட்டம். 1993 முதல் இவ்வாறு மாண்டோர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. நாடாளுமன்றத்தில் அரசே வைத்த பட்டியல்களில் இத்தகைய சாவுகளில் தமிழ்நாடு முதலிடம் பெற்றதுண்டு. சமூக நீதியில் முதலிடம் என்று மேடைகளில் முழங்கும் நாம், இந்தப் பட்டியலையும் அதே மேடையில் படிக்க வேண்டாமா?

பொறி இல்லையா? உண்டு. அடைப்பை நீரழுத்தத்தால் பீய்ச்சி நீக்கும் லாரி உண்டு. உறிஞ்சி எடுக்கும் லாரி உண்டு. கேரள இளைஞர்கள் ஆள்துளைக் குழிக்குள் இறங்கிக் கழிவை அள்ளும் எந்திரம் ஒன்றைச் செய்து, 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறக்கினார்கள். ஆகவே இல்லாதது பொறியன்று. பட்டியலில் அதற்கு முதல் இடம் கொடுக்கும் மனம்.

‘உயிர் விலைமதிப்பற்றது, அதைப் போய்க் கணக்கில் எழுதலாமா?’ என்று உருகுவோர் உண்டு. உருக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் விலைமதிப்பற்றது என்று எழுதாமல் விட்ட கட்டத்தைக் கணக்கர் என்ன செய்கிறார்? சுழி என்று வைத்துக் கூட்டிவிடுகிறார்! மற்றொரு சாரார், ‘சரி, 30 லட்சம் என்று எழுதிக் கூட்டுவோம்’ என்பர். அது இன்னும் கொடிது. பொறியின் விலை அதைவிட ஒரு ரூபாய் மிகுந்தால் ஆளை இறக்குவதே இலாபம் என்று அந்தக் கணக்கு சொல்லிவிடும். இரண்டும் வேண்டா. மனிதன் குழிக்குள் இறங்குவதைத் தவிர்க்கும் கருவி, எது மலிவு என்னும் போட்டிக்கு வரக்கூடாது. அது வாங்கப்பட்ட பிறகு, மீதியுள்ள பணத்துக்குத்தான் எட்டாண்டா பதினைந்தாண்டா என்ற கணக்கு. தலைவரின் கார், ஆணையரின் ஜீப்பு எல்லாம் அந்த மீதியின் கடைசியில்.

‘பொறி வந்தால் அவர்கள் பிழைப்புப் போகுமே’ என்று அக்கறை காட்டுவோரும் இருக்கிறார்கள். விறகடுப்பின் முன் கண் கலங்கி நின்றவளிடம், அடுப்பு மாறினால் உனக்கு வேலை போய்விடுமே என்று எவரேனும் இரங்கினார்களா? பொறியை அவர்களே ஓட்டட்டும், அவர்களே உடைமையாளராகட்டும். 2024 டிசம்பரில் சென்னையில் அப்படியொரு திட்டம் தொடங்கிற்று: துப்புரவுப் பணியாளர்களையே கழிவுநீர் அகற்றும் வண்டிகளின் உரிமையாளராக்கும் திட்டம். எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் ‘கப்பல் எவருடையது?’ என்று இந்த மண் முன்பே கேட்ட கேள்வியின் வழியில் அது செல்கிறது.

எதிர்வழியில் செல்வதும் நடக்கிறது. வண்டியே வேண்டாம், ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவோம் என்கிறார்கள். வண்டி அவருடையது, ஆளும் அவருடைய ஆள். பழசானால் அவர் பாடு. நகராட்சியின் பதிவேடு பளிச்சென்று தூய்மையாகிவிடும்! பதினைந்தாண்டு வண்டியும் இல்லை, பழுதுச் செலவும் இல்லை, விபத்து நேர்ந்தால் ‘எங்கள் தொழிலாளி அல்லர்’ என்று சொல்ல வாய்ப்பும் உண்டு. பொறுப்பை ஏலம் விடுவதற்குச் சிக்கனம் என்று பெயர்.

தோழர்களே, கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் மன்றக் கூட்டங்களின் தீர்மானங்கள் கிடைக்கும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் பதிவேடுகளைக் கேட்கலாம். வண்டிப் பதிவேட்டைக் கேளுங்கள். எந்த வண்டி எத்தனை நாள் ஓடிற்று, எத்தனை நாள் நின்றது, நின்ற நாளில் எந்தத் தெரு குப்பையோடு கிடந்தது, எந்தக் குழிக்கு எந்தப் பொறி சென்றது, எதற்கு ஆள் சென்றார் என்று கேளுங்கள். தொழிலாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த நெம்புகோல் பிடிக்கவில்லை, எந்தத் தூக்கி பாதியில் விழும் என்பது பொறியாளரைவிட அவர்களுக்கே நன்கு தெரியும்.

பிறகு சில்லறைச் சாமான் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள். வண்டிக்கு வரிசை எண் உண்டு, வாங்கிய நாள் உண்டு, கண்டம் செய்யும் நாளும் உண்டு. கயிற்றுக்கும் வாளிக்கும் அவையெல்லாம் இருக்கமாட்டா. அவை மட்டும், அறுந்தால், ஓட்டையானால், தீர்மானமும் ஒப்பந்தப்புள்ளியும் மேலிடத்து ஒப்புதலும் இன்றி, மறுநாள் காலையிலேயே புதிதாக வந்துவிடுகின்றன.